1 ஆம்பில் கெப்பாசிட்டி சரியாக வரும் செல், ஸ்பாட் வெல்டரில் 30 ஸ்பாட்டுக்குள் சோர்ந்துபோகிறது. பல்ஸுக்கு எப்படி டெஸ்ட் செய்வது?

கணபதி பேக்

எல்லாருக்கும் வணக்கங்க. கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயருக்கு பேக் கட்டித் தருவது, பழைய பேக்கைப் பிரித்து செத்த செல்லை மாற்றுவது, இதுதான் பிழைப்பு. மழைக்கு முன்னால் தக்காளி போட்டவர்களும் தோப்புக்காரர்களும் ஒரே வாரத்தில் வந்து நிற்பார்கள், அப்போது செல்லில் நிக்கல் பட்டியை ஒட்ட ஒரு நாளைக்கு முந்நூறு நானூறு ஸ்பாட் வெல்ட் அடிக்க வேண்டியிருக்கும்.

வெல்டர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கரண்டை விட்டு வெட்டும் எலக்ட்ரானிக் சுவிட்சான மாஸ்ஃபெட் உள்ள போர்டு ஒன்று, இரண்டு செம்பு முனை, பின்னால் ஒரு லித்தியம் பேக். முதலில் போட்டிருந்த லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி உப்பிவிட்டது. புதிது வாங்க மனமில்லாமல், உக்கடத்தில் பழைய சாமான் கடையில் கிடைத்த லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து 18650 என்கிற உருளை செல் 24 எடுத்தேன். பேரலலில் 8, சீரிஸில் 3. ஒவ்வொரு செல்லையும் டெஸ்டரில் 1 ஆம்பில் இறக்கிப் பார்த்துத்தான் சேர்த்தேன். 2200 மில்லிஆம்ப்-அவர் என்று போட்ட செல்லில் 1800க்குக் கீழே வந்த எதையும் எடுக்கவில்லை. 1 கிலோஹெர்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் மீட்டரிலும் வைத்தேன், எல்லாம் 43இலிருந்து 48 மில்லி ஓமுக்குள் இருந்தது. 45 என்று வைத்தால் பேக் மொத்தம் 17, கேபிளும் போர்டும் ஒரு 4, ஆக 21 மில்லி ஓம். 12.3 வோல்ட்டுக்கு 585 ஆம்ப் வர வேண்டும் என்று கணக்குப் போட்டேன். 0.15 மி.மீ. நிக்கல் பட்டிக்கு அது போதும்.

நடப்பது என்னவென்றால், காலையில் முதல் 20 ஸ்பாட் அருமையாகப் பிடிக்கிறது, கட்டிங் பிளேயரால் இழுத்தால் பட்டிதான் கிழியும், புள்ளி செல்லிலேயே நிற்கும். 30, 35 போனதும் அதே 15 மில்லிசெகண்டில் அடித்த பட்டி நகத்தில் நெம்பினாலே கழன்று வருகிறது. மீட்டர் வைத்தால் பேக் 12.2 வோல்ட் காட்டுகிறது, சார்ஜ் இறங்கவே இல்லை. டீ குடித்துவிட்டு வந்து அடித்தால் மறுபடியும் பிடிக்கிறது, மறுபடியும் 30இல் விட்டுவிடுகிறது. கிளாம்ப் மீட்டர் 15 மில்லிசெகண்டைப் பிடிக்க மாட்டேன் என்கிறது, அதனால் உண்மையில் எத்தனை ஆம்ப் போகிறது என்றே தெரியவில்லை.

கெப்பாசிட்டி டெஸ்டை நம்பித்தான் இத்தனை வருஷம் வேலை செய்திருக்கிறேன். இந்த மாதிரி பல்ஸ் வேலைக்கு செல்லை எப்படித்தான் டெஸ்ட் செய்வது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்க.

---

பெருந்துறை செல்

சில வருஷம் செல் டெஸ்டிங் லேபில் இருந்தேன், இப்போது பெருந்துறையில் வேறு வேலை. உங்கள் பதிவில் விடை பாதி இருக்கிறது, ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு ஸ்பாட்டுக்கு 12.3 வோல்ட், சுமார் 470 ஆம்ப் (585 வராது, காரணம் கீழே), 15 மில்லிசெகண்ட். பெருக்கினால் சுமார் 87 ஜூல். 40 ஸ்பாட்டுக்கு 3,500 ஜூல், அதாவது 1 வாட்-அவருக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் பேக்கில் 160 வாட்-அவர் இருக்கிறது. நூற்றில் ஒரு பங்குகூடச் செலவாகாத பேக் சோர்ந்துபோகிறது என்றால் அது சார்ஜ் தீர்ந்த சோர்வு இல்லை. டீ குடித்து வந்தால் சரியாகிறது என்கிறீர்களே, அங்கேதான் விஷயம். எதோ ஒன்று சூடாகிறது, பிறகு ஆறுகிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். லித்தியம் செல்லின் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் மிதமாகச் சூடானால் ரெசிஸ்டன்ஸ் குறையும், ஏறாது. மார்கழிக் காலையில் மந்தமாக இருக்கும் செல் மத்தியானம் நன்றாகத் தருவது அதனால்தான். சூடேறச் சூடேற ரெசிஸ்டன்ஸ் ஏறுகிறது என்றால், குற்றம் செல்லின் கெமிஸ்ட்ரியில் இல்லை, வழியில் இருக்கிற உலோகத்திலோ அல்லது பி.டி.சி. வளையத்திலோதான். லேப்டாப்புக்கென்று செய்த 18650 பலவற்றில் பாசிட்டிவ் மூடிக்கு அடியில் மெல்லிய வளையம் ஒன்று இருக்கும். ஷார்ட் ஆனால் அது சூடாகி ரெசிஸ்டன்ஸை ஏற்றி கரண்டை நெரித்துவிடும், ஆறினால் விட்டுவிடும். பாதுகாப்புக்காக வைத்தது. உங்கள் பேக்கில் ஒரு செல்லுக்கு 58 ஆம்ப் போகிறது, நாலு செகண்டுக்கு ஒரு தடவை. அந்த வளையத்துக்கு ஒவ்வொரு அடியும் சின்ன ஷார்ட் மாதிரிதான், ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. ஒரு தடவை நன்றாக நெரித்த வளையம் ஆறிய பிறகும் பழைய ரெசிஸ்டன்ஸுக்கு முழுசாகத் திரும்பாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, டெஸ்ட். உங்கள் 1 கிலோஹெர்ட்ஸ் மீட்டர் பொய் சொல்லவில்லை, ஆனால் அது பார்ப்பது ஒரு மில்லிசெகண்டுக்குள் அடங்கும் சின்ன அதிர்வை. அதில் தெரிவது பெரும்பாலும் உலோகமும் எலக்ட்ரோலைட்டும் தரும் தடை. கரண்ட் நின்று ஓடும்போது எலக்ட்ரோடின் மேற்பரப்பில் நடக்கும் வேலைக்கு ஒரு வோல்டேஜ் இழப்பு இருக்கிறது, அது சில மில்லிசெகண்டில் ஆரம்பித்து ஒரு செகண்ட் வரை ஏறிக்கொண்டே போகும். அயனி நகரும் இழப்பு அதற்கும் பின்னால், செகண்ட் கணக்கில் வரும். அதனால் 15 மில்லிசெகண்ட் வேலைக்கு 15 மில்லிசெகண்டில் அளந்த ரெசிஸ்டன்ஸ்தான் கணக்கு. உங்கள் 45 மில்லி ஓம் அங்கே 60 பக்கம் நிற்கும். அதைப் போட்டால் பேக் 22.5, கேபிள் 4, ஆக 26.5. 12.3 வோல்ட்டை அதால் வகுத்தால் 464 ஆம்ப், அதனால்தான் மேலே 585 போடாமல் சுமார் 470 என்று எடுத்துக்கொண்டேன்.

தனிச் செல்லுக்கு இப்படிச் செய்யுங்கள். அலுமினியக் கூட்டில் வரும் 0.1 ஓம் ஒயர்வுண்ட் ரெசிஸ்டர் ஒன்று, ஒரு மாஸ்ஃபெட், பல்ஸ் கொடுக்க ஆர்டுயினோ. 3.9 வோல்ட் செல் என்றால் 24 ஆம்ப் சொச்சம் போகும். செல்லின் இரண்டு முனையிலும் கரண்டுக்கு ஒரு ஜோடி ஒயர், வோல்டேஜ் பார்க்க தனி ஜோடி. இது ரொம்ப முக்கியம், கிளிப் தொடும் இடத்தின் தடையே 5, 10 மில்லி ஓம் வந்து உங்கள் அளவைக் கெடுத்துவிடும். ஸ்கோப்பில் (வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்) பல்ஸ் தொடங்கும் முன் இருந்த வோல்டேஜ், தொடங்கி 15 மில்லிசெகண்டில் இருக்கும் வோல்டேஜ், இரண்டின் வித்தியாசத்தை கரண்டால் வகுங்கள். 24 ஆம்ப் என்பது 58 ஆம்பின் சூட்டைத் தராது. சூடு கரண்டின் வர்க்கத்தோடு போகும், அதனால் பல்ஸை 85 மில்லிசெகண்ட் நீளமாக்கினால் வளையத்துக்குப் போகும் சூடு கிட்டத்தட்ட சமமாகிவிடும். அளவை மட்டும் 15ஆவது மில்லிசெகண்டில் எடுங்கள். நாலு செகண்டுக்கு ஒன்றாக 50 அடி அடித்து, முதல் அடியின் ரெசிஸ்டன்ஸையும் 50ஆவது அடியின் ரெசிஸ்டன்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அந்த இரண்டு எண்ணின் வித்தியாசம்தான் நீங்கள் தேடுவது.

ஆய்வகங்களில் இதற்கு ஹெச்.பி.பி.சி. என்று ஒரு முறை உண்டு, மின்வாகன பேட்டரிக்காக அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகம் வெளியிட்ட கையேடுகளில் இருப்பது. 10 செகண்ட் டிஸ்சார்ஜ், 40 செகண்ட் ஓய்வு, 10 செகண்ட் சார்ஜ், இதை பேட்டரி நிறைந்த நிலையிலிருந்து 10 சதவீதம் 10 சதவீதமாக இறக்கி ஒவ்வொரு இடத்திலும் செய்வார்கள். அந்த 10 செகண்ட் கார் ஓவர்டேக் எடுக்கும் நேரத்துக்குப் பொருந்தும், உங்கள் வேலைக்குப் பொருந்தாது. முறையை எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணை உங்கள் வேலையிலிருந்து எடுங்கள்.

---

பீளமேடு ரோட்டர்

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், முதலில் உங்கள் மாஸ்ஃபெட் பற்றி. டெஸ்ட் செட்டப் போடும்போது ஒயரை நீளமாக விரித்துப் போடாதீர்கள். ஒரு மீட்டர் ஒயர் என்றால் சுமார் 1 மைக்ரோஹென்றி. 460 ஆம்பை 2 மைக்ரோசெகண்டில் வெட்டினால் அந்த ஒயர் மட்டும் 230 வோல்ட் எழுப்பும், 40 வோல்ட் மாஸ்ஃபெட் என்ன ஆகும்? போகும் ஒயரும் வரும் ஒயரும் ஒட்டி ஓட வேண்டும், கரண்ட் சுற்றி வர ஃப்ரீவீலிங் டயோடு இருக்க வேண்டும். ஷன்ட்டை (கரண்டை அளக்க வழியில் போடும் மிகச்சிறு ரெசிஸ்டர்) நெகட்டிவ் பக்கம் போடுங்கள், ஸ்கோப்பின் இரண்டு சேனலுக்கும் எர்த் ஒன்று என்பதை மறந்து பாசிட்டிவில் போட்டால் புரோப் வழியாகவே ஷார்ட் ஆகிவிடும். 500 ஆம்ப், 75 மில்லிவோல்ட் ஷன்ட் டவுன்ஹால் பக்கம் எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டாலே கிடைக்கும். 460 ஆம்ப் போனால் 69 மில்லிவோல்ட் தெரியும்.

ஆனால் எனக்கு உண்மையில் சொல்ல வேண்டியது வேறு. நான் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத) மோட்டாரின் சுற்றும் பாகமான ரோட்டருக்கு மேக்னடைசிங் செய்கிற இடத்தில் இருக்கிறேன். காந்தம் ஏற்றாத ரோட்டரை காயிலுக்குள் வைத்து ஒரே அடியில் ஆயிரக்கணக்கான ஆம்ப் விட வேண்டும், சில மில்லிசெகண்ட்தான். அடி விழும்போது காயில் 'டொப்' என்று ஒரு சத்தம் போடும், மேஜையில் கை வைத்திருந்தால் அதிர்வு தெரியும். அந்தக் கரண்டை லைனிலிருந்து நேராக எடுத்தால் தெருவே இருட்டாகும். நாங்கள் கெப்பாசிட்டர் வரிசையை மெதுவாக நிரப்பி, தைரிஸ்டர் என்கிற பெரிய எலக்ட்ரானிக் சுவிட்ச் வழியாக ஒரே மூச்சில் கொட்டுகிறோம். மெதுவாகச் சேர்ப்பது, வேகமாக விடுவது, பல்ஸ் பவர் என்றாலே அதுதான். எர்வின் மார்க்ஸ் 1920களில் செய்த ஜெனரேட்டரும் அதுதான், கெப்பாசிட்டர்களை பேரலலில் நிரப்பி சீரிஸில் கொட்டுவது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் காளி என்கிற எலக்ட்ரான் முடுக்கியிலும் உள்ளே இருப்பது அதே மார்க்ஸ் ஜெனரேட்டர்.

அதனால் கேட்கிறேன், அந்த 18650 ஏன் அடிக்க வேண்டும்? அது நிரப்பட்டும். 2.7 வோல்ட், 3000 ஃபாரட் சூப்பர் கெப்பாசிட்டர் இரண்டை சீரிஸில் போடுங்கள், 5 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள், இரண்டிலும் வோல்டேஜ் சமமாக நிற்க பேலன்ஸ் போர்டு வையுங்கள். நல்ல கெப்பாசிட்டரில் உள் தடை ஒன்றுக்கு அரை மில்லி ஓம்கூட வராது. கேபிளை அளந்து வெட்டி மொத்தத்தை 7.5 மில்லி ஓமில் நிறுத்தினால் 650 ஆம்ப் பக்கம் கிடைக்கும். ஒரு அடிக்கு 10 கூலோம் போகும், 1500 ஃபாரட்டில் அது 6, 7 மில்லிவோல்ட் இறக்கம், அவ்வளவுதான். நாலு செகண்டுக்கு ஒரு அடி என்றால் நிரப்ப சராசரி 2.5 ஆம்ப் போதும், அதுவும் 5 வோல்ட் பக்கத்தில். 12 வோல்ட் பக்கத்தில் பார்த்தால் 1 ஆம்ப் சொச்சம். எட்டு செல் பங்கு போட்டுக்கொண்டால் ஒன்றுக்கு 150 மில்லிஆம்ப்கூட இல்லை. நீங்கள் 1 ஆம்பில் எடுத்த கெப்பாசிட்டி டெஸ்ட் இருக்கிறதே, இந்த வேலைக்கு அதுவே சரியான டெஸ்ட்.

ஒன்றே ஒன்று, மோதிரம், கைச்செயின் எல்லாம் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். 5 வோல்ட் தானே என்று தோன்றும், ஷாக் அடிக்காது, ஆனால் அதற்குள் 18 கிலோஜூல் இருக்கிறது, ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

---

தடாகம் வேலி

ஏனுங்க தம்பி, உங்கள் கதையைப் படித்ததும் என் தொல்லைக்கும் இதுதான் காரணமோ என்று தோன்றியது. தடாகம் பக்கம் தோட்டம், வாழையும் தென்னையும். காட்டுப்பன்னி, யானை இரண்டும் வரும், சோலார் வேலி போட்டிருக்கிறேன். அதுவும் பல்ஸ்தான், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பெட்டி கெப்பாசிட்டரை நிரப்பி செகண்டுக்கு ஒரு அடி வேலியில் விடும், ராத்திரி முழுக்க 'டிக் டிக்' என்று கேட்கும். இரண்டு அடிக்கு நடுவில் ஒரு செகண்டாவது இடைவெளி இருக்க வேண்டும் என்பது தரக்கட்டுப்பாடு, அந்த இடைவெளியில்தான் தொட்ட மிருகம் விலகிப்போகும். லைன் கரண்டை நேராகக் கம்பியில் கொடுக்கிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. யானையும் சாகிறது, தண்ணி பாய்ச்சப் போகிற ஆளும் சாகிறார்.

என் தொல்லை, விடியக்காலம் மூன்று மணிக்கு மேல் டிக் சத்தம் இரண்டு செகண்டுக்கு ஒன்றாக மெதுவாகிறது, சில நாள் நின்றே போகிறது. காலையில் மீட்டர் வைத்தால் 12.4 இருக்கிறது. கார் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன், லோடு டெஸ்டர் வைத்து 15 செகண்ட் இழுத்தார், 9.6க்குக் கீழே போகவில்லை, பேட்டரி நல்லது என்று அனுப்பிவிட்டார். அப்படியும் நிற்கிறது. பேட்டரியைத் தூக்கிப் போடுவதா, பெட்டியையா?

---

பெருந்துறை செல்

இரண்டையும் இப்போது தூக்காதீர்கள் அண்ணா. கார் லோடு டெஸ்ட் செல்ஃப் மோட்டாரைச் சுற்றும் வேலைக்கானது, நூறு இருநூறு ஆம்பை 15 செகண்ட் தருமா என்று பார்ப்பது. உங்கள் பெட்டி கேட்பது சில ஆம்ப்தான், ஆனால் ராத்திரி பூராவும் கேட்கிறது, ஒவ்வொரு செகண்டும் நிரப்பும்போது ஒரு இழுப்பு. அந்த இழுப்பு நேரத்தில் பெட்டியின் வாசலில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கேள்வி. பல பெட்டிகள் லோ-பேட்டரி கட்-ஆஃபை அந்தக் கணத்தில்தான் பார்க்கும், சராசரியை இல்லை. மீட்டர் காட்டும் 12.4 சராசரி.

மெக்கானிக் தன் கிளாம்பை பேட்டரி முனையில் நேராகக் கடித்திருப்பார், உங்கள் ஒயர் முனையை அவர் பார்க்கவே இல்லை. விடியக்காலம் ஒரு தடவை, பெட்டி ஓடும்போது, மீட்டரில் மினிமம்/மேக்சிமம் பிடித்து வைக்கும் வசதி இருந்தால் மினிமம் வைத்து, முதலில் பேட்டரி ஈயக் கம்பத்திலேயே முள் வைத்துப் பாருங்கள், பிறகு பெட்டியின் ஸ்க்ரூவில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் கால் வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் குற்றம். இரண்டிலும் ஒரே மாதிரி இறங்கினால் பேட்டரியில் குற்றம்.

---

கணபதி பேக்

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றிங்க. ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன், எல்லாவற்றையும் அளந்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

பேக்கைப் பிரித்தேன். ஸ்கோப் ஒரு காலேஜ் பையனிடம் வாங்கி வந்தேன். 0.1 ஓம் ரெசிஸ்டர், 85 மில்லிசெகண்ட், நாலு செகண்டுக்கு ஒன்று. முதல் செல்லில் முதல் அடி 58 மில்லி ஓம், 50ஆவது அடி 97. நம்ப முடியாமல் பத்து நிமிஷம் வைத்துவிட்டு மறுபடியும் ஒரே ஒரு அடி அடித்தேன், 61க்கு வந்துவிட்டது. அடித்த கையோடு பாசிட்டிவ் மூடியைத் தொட்டுப் பார்த்தேன், அடிப்பக்கம் ஜில்லென்று இருக்க மூடி மட்டும் விரல் வைக்க முடியாத சூடு. 24 செல்லில் 19 இந்தக் கதைதான். மீதி ஐந்து வேறு கம்பெனி, அவை 55இல் ஆரம்பித்து 52க்கு இறங்கின, அக்கா சொன்ன மாதிரியே சூட்டில் குறைகிறது. கெப்பாசிட்டி டெஸ்டில் அந்த ஐந்தும் மற்றதைவிடக் கீழே நின்றவை, 1810, 1820 என்று, எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்து வைத்த செல்கள்.

இன்னொன்றும் கண்டேன். சீரிஸ் இணைப்புக்கு நான் போட்டிருந்த பட்டி ஒன்றை எடுத்து அரத்தால் உரசி உப்புத்தண்ணீரில் ராத்திரி போட்டு வைத்தேன், காலையில் உரசின இடம் முழுக்கத் துரு. நிக்கல் என்று விற்றது நிக்கல் பூசிய இரும்பு. நல்ல நிக்கலே செம்பைவிட நாலு மடங்கு தடை, இரும்பு அதற்கும் மேல். காந்தம் வைத்துப் பார்த்து ஏமாந்துபோனேன், நிக்கலும் காந்தத்தில் ஒட்டும் என்று எனக்குத் தெரியாது. வாடிக்கையாளருக்குக் கட்டிக் கொடுத்த பேக்கிலும் இதே ரோல்தான் போட்டிருக்கிறேன், அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. மாற்றிக் கொடுப்பதாக நாலு பேருக்குச் சொல்லிவிட்டேன்.

ரோட்டர் அண்ணா சொன்னபடி கெப்பாசிட்டர் இரண்டு வாங்கி நேற்று மாட்டினேன். முதல் தடவை நிரம்ப 25 நிமிஷம் ஆனது, வோல்டேஜை இறக்கித் தரும் 5 ஆம்ப் பக் மாட்யூல் போட்டிருக்கிறேன். அதற்கப்புறம் ஒரு அடிக்கு இரண்டு செகண்டில் பழையபடி வந்துவிடுகிறது. முதல் நாளே 210 ஸ்பாட், முதலாவதையும் 210ஆவதையும் பிளேயரில் இழுத்தேன், இரண்டிலும் பட்டிதான் கிழிந்தது. பின்னால் நிரப்பிக்கொண்டிருப்பது அதே லேப்டாப் செல் 24, சீரிஸ் பட்டி மட்டும் செம்புக்கு மாற்றிவிட்டேன்.

---

பீளமேடு ரோட்டர்

நல்லதுங்க. ஆயிரம் அடி ஆனதும் கெப்பாசிட்டர் இரண்டிலும் தனித்தனியாக வோல்டேஜ் பாருங்கள், 0.1 வோல்ட்டுக்கு மேல் பிரிந்து நின்றால் பேலன்ஸ் போர்டு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். முனை டிப்பையும் அப்போதே தேய்த்துவிடுங்கள், மழுங்கினால் 650 ஆம்ப் இருந்தும் பிடிக்காது.

---

தடாகம் வேலி

பார்த்துவிட்டேன் அம்மிணி. ஈயக் கம்பத்தில் இழுப்பு நேரத்தில் 12.1, பெட்டி ஸ்க்ரூவில் 11.2. கிளாம்பைக் கழற்றினால் உள்ளே பச்சையாகப் பூத்துக் கிடக்கிறது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. சுடுதண்ணி ஊற்றிக் கழுவி, கம்பி பிரஷ் போட்டு, வேஸ்லின் தடவி மாட்டினேன். மூன்று ராத்திரியாக விடிகிற வரைக்கும் டிக் சத்தம் ஒரே சீராகக் கேட்கிறது. நேற்று ராத்திரி ஓடைப் பக்கம் பன்னி வந்த தடம் இருக்கிறது, வேலிக்கு இந்தப் பக்கம் இல்லை.

கணபதித் தம்பி, அந்த ஸ்கோப் இன்னும் கையில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குக் கொண்டு வாங்க, பெட்டி இழுப்பைக் கண்ணால் பார்த்துவிடலாம். மத்தியானச் சாப்பாடு இங்கேதான்.

---

கணபதி பேக்

வந்துடறேனுங்கண்ணா. ஷன்ட்டும் எடுத்து வருகிறேன்.